துலக்கிய தகடு

என் அண்ணன் வீரபத்திரன் பன்னிரண்டு வருஷம் என் கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை. வெற்றிலையாக இருந்தாலும் சரி, தபாலாக இருந்தாலும் சரி, “கீழ வைலே” என்பார். நான் குனிந்து தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பிறகு அவர் குனிந்து எடுத்துக்கொள்வார். கூடப் பிறந்தவனுக்குக் கிடைத்த மரியாதை அது.

காரணம் என் தொழில். நான் பல் கட்டுகிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்துக் கொடுத்தால், மெழுகையும் மாவையும் வைத்து மாரடித்துப் பல்செட் செய்கிற மெக்கானிக். யுத்த காலத்தில் துப்பாக்கி பிடிக்க ஆசைப்பட்டுப் பட்டாளத்துக்குப் போனேன். கை நடுங்காத பயல் என்று யாரோ எழுதி வைத்து, என்னைப் பல் பிரிவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். யுத்தம் முடிந்ததும் ராமநாதபுரத்தில் டாக்டர் ஹமீது சுல்தானிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி, கடலாடிக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்விட்டது. நான் போய் இறங்கியபோது அண்ணன் வாசலிலேயே மறித்துவிட்டார்.

“கண்டவன் வாயில கைய விட்டுப் பொழைக்கிறவன் என் வீட்டுச் சோத்துப் பானைப் பக்கம் வரக் கூடாது. எச்சிப் பொழப்புதான் வேணுமின்னா, அத அங்கனயே வச்சுக்க.”

எங்கள் வீட்டில் எச்சில் என்பது கொலைக்கு அடுத்த குற்றம். மண்சட்டியில் யாராவது வாய் வைத்துக் குடித்துவிட்டால் அதை உடைத்துத்தான் போட வேண்டும். மண் எச்சிலை உள்ளே வாங்கிக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் போகாது. பித்தளை, வெண்கலம் என்றால் கவலையில்லை. புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டால் சுத்தம். சின்ன வயசில் எனக்கு வாய்ப்பாடு தெரியாது, இது தெரியும். மனுஷன் மண் கணக்கா, வெண்கலக் கணக்கா என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணன் என்னை மண்ணில் சேர்த்துவிட்டார்.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, ஆவணியில் அம்மாவின் திதிக்கு மட்டும் போவேன். மாட்டுக் கொட்டகையில் எனக்கு இலை விழும். மதினி நாகலெட்சுமி கையை உயரத் தூக்கிப் பரிமாறுவாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் இலையில் இரண்டு அப்பளம் கூடுதலாகவே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் பங்காளிகளும் வரிசையாக உட்கார்ந்து பேசிச் சிரிப்பது கேட்கும். அங்கே ஒரு நாள் உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை வெளியே சொன்னால் கேவலம். ஆனால் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வேறு வீடும் இல்லை. ஆசைப்பட எனக்கு அந்த ஒரு பந்திதான் இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம், மிளகாய்த் தோட்டத்துக்கு மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தபோது வடம் அறுந்து, திரும்பி வந்து அண்ணன் வாயில் அடித்தது. மேல்வரிசையில் முன்பல் நான்கும் போயிற்று. ஊர்க் கூட்டத்தில் அவர் தொண்டையைக் கனைத்தாலே மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அப்பேர்ப்பட்டவர் பேசினால் இப்போது பாதி காற்றாகப் போயிற்று. எவனோ ஒரு விடலைப் பயல் சிரித்திருக்கிறான். அன்றிலிருந்து கூட்டத்துக்குப் போவதை நிறுத்தி, துண்டால் வாயை மூடிக்கொண்டு தோட்டமே கதியென்று கிடந்தார்.

சித்திரையில் ஒரு நாள் அந்தத் துண்டோடேயே எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“டாக்டரு இருக்காராலே?”

டாக்டர் ஹமீது சுல்தான் நல்ல மனுஷர். ஆனால் உண்மையை ஒளித்துப் பேசத் தெரியாதவர். அண்ணனுக்கு அளவெடுத்துவிட்டு, ரோஸ் நிற அக்ரிலிக்கில் செய்த செட் ஒன்றைக் காட்டினார். பொடியையும் மருந்துத் தண்ணீரையும் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெந்நீரில் வேகவைத்தால் கல்லாக இறுகிவிடும் என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“வாயில இருக்கயில கொஞ்சம் ஈரத்த உள்ள வாங்கும். அதனால ஒன்னும் கெடுதல் இல்ல,” என்றார்.

அண்ணன் எழுந்துவிட்டார். “அப்ப மண்சட்டின்னு சொல்லுங்க.”

டாக்டருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. மேலண்ணத்தில் படிகிற பாகம் முழுவதையும் எவர்சில்வர் தகட்டில் செய்துவிடலாம், பல் உட்காருகிற ஈறு மட்டும் அக்ரிலிக்கில் இருக்கட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். எவர்சில்வர் என்றதும் அண்ணன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் தம்ளர் இருக்கிற வீடு என்றால் தனி மதிப்பு.

அந்த வாரமே டாக்டர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பம்பாய் போய்க் கப்பலேறி, திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். போகிற அன்று என் மேசைக்கு வந்து, அண்ணனின் வாயளவுக்கு வார்த்து வைத்திருந்த மாவச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“பொன்னுச்சாமி, ஒன்னு மட்டும் மறந்துறாத. அக்ரிலிக்குக்கும் எவர்சில்வருக்கும் ஒட்டும் கெடையாது ஒறவும் கெடையாது. பக்கத்துல இருக்கும், அவ்வளவுதான். தகட்டுல ஓட்ட போட்டு, கொக்கி வச்சு, கல்லுல தேச்சுச் சொரசொரப்பாக்கி நாமதான் கட்டிப் போடணும். வழவழன்னு விட்டீன்னா ஒரு நா இல்ல ஒரு நா கழண்டுக்கும்.”

“தெரியும் டாக்டர்,” என்றேன். உண்மையாகவே தெரியும். பட்டாளத்தில் முதல் மாதம் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

தெரிந்தபடிதான் முதல் தகட்டைச் செய்தேன். அச்சில் வைத்து அடித்து, அண்ணத்தின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, கடைவாய்ப் பற்களைக் கவ்விப் பிடிக்க இரண்டு பக்கமும் கம்பி வைத்தேன். பல் உட்காரும் இடத்தில் ஒன்பது ஓட்டை போட்டேன். அவற்றுக்கு இடையில் மூன்று சிறு வளையங்களைப் பற்றவைத்தேன். அக்ரிலிக் மாவு அந்த ஓட்டைகளுக்குள் புகுந்து, வளையங்களைச் சுற்றிக்கொண்டு இறுகினால், யானை இழுத்தாலும் வராது. என் கைவேலையில் அதைப்போல் சுத்தமான வேலை குறைவு.

வைகாசியில் அண்ணன் வாயில் வைத்துப் பார்க்க வந்தார். தகட்டைத் தரையில் விரித்த துணியில் வைத்தேன். அவர் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்பது ஓட்டை வழியாகவும் வெயில் அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

“என்னலே இது, சல்லடையா?”

“பல்லு நிக்கணும்ல அண்ணே. அந்த ஓட்டைக்குள்ளதான் மருந்து போயிப் பிடிக்கும்.”

“மருந்து போனா எச்சி போகாதா? துலக்க முடியாத ஏனத்த வாயில வைக்கச் சொல்றியே. ஓட்டை ஏனத்துல எங்கய்யா தண்ணி கூடக் குடிச்சதில்ல.”

நான் விளக்கினேன். கொக்கி, பிடிமானம், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு துண்டை வாயிலிருந்து எடுத்தார். அடிபட்ட பிறகு அந்த வாயை எனக்கு அவர் தானாகக் காட்டியது அன்றுதான். உதடு உள்ளே மடங்கி, அப்பாவின் கடைசிக் காலத்து முகம் போல இருந்தது.

“பொன்னு,” என்றார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டார். “ஓட்டை ஒடசல் இல்லாம, ரெண்டு பக்கமும் துலக்குற மாதிரிக் கட்டித் தாலே. இந்த வருசம் அம்மா திதிக்கு வீட்டுக்குள்ள வந்து எங்கூட உக்காந்து சாப்பிடு.”

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் வரட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கலாம். சாக்குச் சொல்ல எனக்குத் தெரியாதா? தொழிலில் ஒரு நாளைக்கு நாலு பேருக்குச் சொல்கிறேன். ஆனால் “சரிண்ணே” என்றுதான் என் வாயில் வந்தது.

இரண்டாவது தகட்டில் ஓட்டை கிடையாது, வளையம் கிடையாது. இரண்டு ஓரத்திலும் நெல் அகலத்துக்குக் காது போல மடக்கினேன், அதுதான் மொத்தப் பிடிமானம். சக்கரத்தில் கொடுத்து, செம்பொடி போட்டு, என் மூக்கு தெரிகிற அளவுக்கு மெருகேற்றினேன். பல் வைக்கிற இடத்தை மட்டும் கடைசியில் கல்லில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிடலாம், மேலே அக்ரிலிக் மூடிவிடும், அண்ணனுக்கு எங்கே தெரியப்போகிறது என்பது என் கணக்கு.

கணக்குத் தப்பிப் போயிற்று. தகட்டைப் பார்த்த அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். கையோடு ஊருக்கு எடுத்துப் போனார். மறுநாள் புதுத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். மதினி புளி போட்டு, சாம்பல் போட்டு, கிணற்றடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் துலக்கியிருக்கிறாள். என் செம்பொடி தராத பளபளப்பு அதில் இருந்தது.

“இனி இதுல வேற யாரு கையும் படக் கூடாது. என் கண்ணு முன்னாடியே பல்ல வை,” என்று முக்காலியை இழுத்துப் போட்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

தேய்க்கிற கல் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்து அவர் வீட்டில் துலக்கி வந்த தகட்டைக் கீறினால் எழுந்து போயிருப்பார். அவரோடு அந்தப் பந்தியும் போயிருக்கும். நான் கல்லைத் தொடவில்லை. நான்கு பீங்கான் பற்களை மெழுகில் நிறுத்தினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் சிறு முள் உண்டு. அந்த முள் அக்ரிலிக்கில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பல் அக்ரிலிக்கைப் பிடித்துக்கொண்டது. அக்ரிலிக் தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மடக்கிய காது போதும், போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் அக்ரிலிக் மாவை அழுத்தி, பித்தளை அச்சை மூடி முடுக்கி, கொதிநீரில் இறக்கினேன். அண்ணன் சாயங்காலம் வரை அசையாமல் இருந்தார்.

செட் வெளியே வந்தது. கழுவி, மெருகு போட்டு, பழக்கத்தில் குனிந்து தரையில் வைக்கப் போனேன்.

“கையில குடுலே,” என்றார்.

கொடுத்தேன். அவர் விரல் என் உள்ளங்கையில் பட்டது. வாயில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் சிரித்தால் அம்மா மாதிரியே இருப்பார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதல் தகட்டை, ஒன்பது ஓட்டை போட்டதை, மேசை இழுப்பறையின் அடியில் போட்டு மூடினேன்.

ஆவணியில் திதிக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். மதினி கையைத் தாழ்த்திப் பரிமாறினாள். அண்ணன் பங்காளிகளிடம், “தம்பி கட்டுன பல்லு” என்று சிரித்துக் காட்டினார். கூட்டத்துக்கும் போகத் தொடங்கிவிட்டார். பழைய கனைப்பு திரும்பிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குள் டாக்டர் மக்காவிலிருந்து திரும்பி வந்திருந்தார். எனக்குப் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்துவிட்டு, “அண்ணன் செட்டு எப்படி?” என்று கேட்டார்.

“நல்லாருக்கு டாக்டர்.”

“ஓட்ட எத்தன போட்ட?”

“ஒம்போது,” என்றேன். பேரீச்சம்பழம் வாயில் இருந்தது.

பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். பந்தியில் அண்ணன் எனக்கு வலது பக்கம். எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். நான்கு பற்களின் ஈறும் தகடும் சேருகிற இடத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. வெற்றிலைச் சாறும் புளித்தண்ணீரும் புகுந்த கோடு. மயிரிழை அகலம்தான். ஆனால் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். உள்ளே இரண்டும் விட்டுப் பிரிந்துகொண்டிருக்கின்றன. இன்னும் எத்தனை நாள் என்பது மட்டும்தான் கேள்வி.

“அண்ணே, அதக் கழட்டி ரெண்டு நாளைக்கி என்கிட்டக் குடுங்க” என்று சொன்னால் போதும். “ஏன்லே?” என்று கேட்பார். “கழண்டுரும்” என்றால், “அப்ப ஒழுங்காக் கட்டலயா?” என்பார். “ஓட்டை போடணும்” என்றால் இலையை விட்டு எழுந்து போவார். பந்தியே பார்த்துக்கொண்டிருக்கும். பொங்கல் கழியட்டும், மாசியில் தனியாக வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அண்ணன் என் இலையில் தன் கையாலேயே ஒரு கரண்டி நெய் ஊற்றினார். நான் குனிந்து பொங்கலைச் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் நான் சாப்பிட்ட சாப்பாட்டிலேயே மகா பாவமான சாப்பாடு அது.

மாசி பிறந்து ஆறாம் நாள் காலை பத்தரை மணிக்குக் கடலாடி பஸ் கண்டக்டர் கபீர் ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தார்.

“பொன்னுச்சாமி அண்ணே, ஒங்க அண்ணனுக்கு... மாரடைப்பாம். வண்டி திரும்பிப் போகுது, ஏறுங்க.”

மாரடைப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, மாரடைப்பு, மாரடைப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். எங்கள் அப்பா மாரடைப்பில்தான் போனார். வம்சத்தில் இருக்கிற வியாதி. நியாயம்தானே.

நான் போனபோது குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். மதினி என் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். மூத்த மகன் கூத்தையாவுக்கு இருபத்திரண்டு வயசு. மொட்டையடித்து, ஈர வேட்டியோடு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவனும் என் மேல் சாய்ந்தான்.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போட, சடங்கு செய்யும் முனியசாமி தாடைக் கட்டை அவிழ்த்தார். கூத்தையா போட்டான். பங்காளிகள் இரண்டு பேர் போட்டார்கள். என் முறை வந்தது. குனிந்து, மூன்று விரலால் அரிசியை எடுத்து உதட்டைத் தொட்டேன். உதடு விலகிற்று.

பல் நான்கும் இல்லை. அந்த இடத்தில் தகடு மட்டும் மின்னியது. ஒரு துணுக்கு அக்ரிலிக் கூட அதில் மிச்சம் இல்லை. மதினி துலக்கிக் கொடுத்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

அரிசி என் விரலிலிருந்து அவர் மார்பில் சிந்தியது. நான் அரிசியை விட்டுவிட்டு, கட்டைவிரலை அவர் வாய்க்குள் நுழைத்துக் கம்பிகளை அழுத்தித் தகட்டை எடுத்தேன்.

“எடுக்கட்டும், எடுக்கட்டும். தகட்டோட எரிக்கக் கூடாது,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். “தம்பிக்காரன் கைதான் அதுக்குத் தோது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். யாருக்குச் சொல்வது, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று தகட்டை மடியில் கட்டிக்கொண்டேன். கூத்தையா கொள்ளி வைத்தான்.

மறுநாள் விடிந்ததும் காடாற்றுக்குப் போக வேண்டும். எலும்பைப் பொறுக்கி, கலயத்தில் போட்டு, அன்றைக்கே ரயிலேறி ராமேஸ்வரம் கடலில் கரைப்பது என்று ஏற்பாடு. நான் கிணற்றடியில் குளித்துவிட்டு நின்றபோது மடியிலிருந்த தகட்டை எடுத்துத் துவைகல்லில் வைத்தேன். மதினி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தகட்டைப் பார்த்தாள். உட்கார்ந்து, புளியைத் தொட்டு, சாம்பலைத் தொட்டு, அதைத் துலக்கத் தொடங்கினாள். எட்டு மாதமாகத் தினமும் செய்த வேலை.

“கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாக கொழுந்தனாரே. பாம்பன் கருவாடு, சுட்டு வச்சிருந்தேன். கடிச்சு இழுத்தாக. சட்டுன்னு எந்திரிச்சு நின்டுட்டாக. பேச்சு வரல. வாயத் தொட்டுத் தொட்டுக் காட்டுனாக. தண்ணிதான் கேக்குறாகன்னு செம்ப நீட்டுனேன். தட்டி விட்டுட்டு மறுபடியும் வாயத்தான் காட்டுனாக. மூஞ்சி நீலம் பாரிச்சுப் போச்சு. நெஞ்சு வலியில புத்தி தடுமாறிருச்சுன்னு நெனச்சேன்.”



அவள் தகட்டைக் கழுவி வெயிலில் காட்டிப் பார்த்தாள். பிறகுதான் அவள் கை நின்றது.

“இதுல இருந்த பல்லு எங்க?”

“எரிச்சதுல... எங்கயாச்சும் விழுந்திருக்கும் மதினி,” என்றேன்.

“தேடி எடுங்க கொழுந்தனாரே. அவுக வாயில இருந்தது எதுவும் இங்கன கெடக்கக் கூடாது. எலும்போட சேத்துக் கடல்ல விட்டுருங்க. நீங்க கட்டுனது, உங்களுக்குத்தான் தெரியும்.”

சுடுகாட்டில் சாம்பல் ஆறியிருந்தது. முனியசாமி பால் தெளித்து, காலிலிருந்து தலைப்பக்கமாக எலும்பைப் பொறுக்கிக் கூத்தையா கையில் கொடுத்தார். அவன் கழுவிக் கலயத்தில் போட்டான். பங்காளிகள் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்கள். தலைமாட்டில் தேடுகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் அங்கே குனிந்தேன். ஆனால் என் கை அங்கே நிற்கவில்லை. கழுத்து இருந்த இடத்துக்கும் நெஞ்சு இருந்த இடத்துக்கும் நடுவில் சாம்பலை விலக்கினேன்.

நான்கும் ஒரே இடத்தில் கிடந்தன. அக்ரிலிக் எரிந்து போயிருந்தது. பீங்கானுக்கு அந்த நெருப்பு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றில் மட்டும் மெல்லிய கீறல். வரிசைகூட அதிகம் கலையாமல், முதுகில் முள்ளோடு, நான் மெழுகில் நிறுத்தியபடியே இருந்தன. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

கூத்தையா கலயத்தோடு எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். என் கையைப் பார்த்தான். தலை இருந்த இடத்தைப் பார்த்தான். மறுபடி நான் கை வைத்து எடுத்த இடத்தைப் பார்த்தான். மண்ணை உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். ஆனால் மடையன் இல்லை.

“சித்தப்பா, பல்லு நெஞ்சுக்கிட்ட எப்பிடி வந்துச்சு?”

இன்னொரு பொய் என்னிடம் தயாராக இருந்தது. சாம்பல் கிளறியதில் உருண்டிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பவும் தயாராகத்தான் இருந்தான். ஆனால் அண்ணன் வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. மதினியிடம் அவர் தண்ணீர் கேட்கவில்லை. தம்பி கட்டிய பல் தொண்டையில் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவன் நான். அப்போது ராமநாதபுரத்தில் வேறு எவனுக்கோ பல் கட்டிக்கொண்டிருந்தேன்.

“கழண்டு தொண்டையில போயி அடச்சிருக்குடா,” என்றேன். “மாரடைப்பு இல்ல. தகட்டுல ஓட்டை போட்டுக் கட்டணும். ஒங்கய்யா வேணாமின்னாரு, நானும் போடல. கழலப் போகுதுன்னு பொங்கலன்னைக்கே பாத்துட்டேன். சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“பந்தியில அவரு பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரத்தடியில் இருந்தவர்கள், “நேரமாச்சுடா, ரயில விட்டுறக் கூடாது” என்று சத்தம் கொடுத்தார்கள். நான் உள்ளங்கையை அவன் பக்கம் நீட்டினேன். மதினி சொன்னபடி நான்கு பல்லையும் கலயத்தில் சேர்க்க வேண்டும்.

கூத்தையா கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. குரல் மட்டும் என் அண்ணனுடையதாக இருந்தது.

“கீழ வைங்க சித்தப்பா.”

குனிந்து, சாம்பலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். இரண்டடி தள்ளி நின்றேன். அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டான்.